மண்ணீரலில் எதிர்பாராமல் தெரிந்த புள்ளி: விடுவதா, திரும்பப் பார்ப்பதா, மேலே போவதா?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேன். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் நடுவில் யாரும் கேட்காத ஒரு வரி இருக்கிறது: "மண்ணீரலில் 14 மி.மீ. அளவில் ஒரு புள்ளி, மேற்பரிசோதனை தேவைப்படலாம்." எந்தப் பரிசோதனை, எத்தனை நாளில், எதைத் தெரிந்துகொள்வதற்காக என்பது அதில் இருக்காது. அந்த ஒரு வரியை வைத்து நல்ல உடம்போடு இருப்பவருக்கு சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் என்று அடுக்கிக்கொண்டே போவதும் நடக்கிறது. உடனே கவனிக்க வேண்டியவர் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு மறந்துபோவதும் நடக்கிறது.

கையில் இருக்கும் வழிகள் இவை: அப்படியே விட்டுவிடுதல், சில மாதம் கழித்து மீண்டும் அல்ட்ராசவுண்ட், நுண்குமிழி மருந்து செலுத்தி அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்-சி.டி. (கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி, செல்கள் அதை எடுப்பதைக் காட்டும் படம்), ஊசி பயாப்சி (ஊசியால் சிறு திசுத்துண்டு எடுத்துச் சோதித்தல்), கடைசியாக மண்ணீரலையே அகற்றுதல். இவற்றைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஏறிப்போகும் படிக்கட்டாக நினைக்கக் கூடாது. எடுத்த படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உடலுக்குக் குறைந்த சேதத்தோடு விடை தரும் வழி எதுவோ, அதைத்தான் எடுக்க வேண்டும்.

மூன்று கேள்விகள் முதலில்

இவருக்கு இப்போதோ முன்போ புற்றுநோய் உண்டா? காய்ச்சல், எடை இறங்குதல், இரவில் உடை நனையும் அளவு வியர்வை, இடது விலாவுக்குக் கீழே வலி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், இவற்றில் ஏதாவது உண்டா? இதே வயிற்றை முன்பு எப்போதாவது, வேறு எந்தக் காரணத்துக்காகவாவது படம் எடுத்திருக்கிறார்களா?

பல நேரங்களில் படத்தைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும். தற்செயலாகத் தெரிந்த மண்ணீரல் கட்டிகளைப் பற்றி 2018-இல் வெளியான ஒரு சி.டி. ஆய்வில், புற்றுநோய் வரலாறும் அறிகுறியும் இல்லாதவர்களிடம் ஏறத்தாழ 1 சதவீதக் கட்டிகளே புற்றாக இருந்தன. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்கு. அறிகுறியோடு வந்தவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல். புள்ளி அதே 14 மி.மீ.தான். யாருடைய மண்ணீரலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாக மாறிவிடுகிறது. ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதி, பத்து ஆண்டுக்கு முன் மார்பகப் புற்றுக்கு நடந்த அறுவையைக் குறிப்பிடாமல் விட்டால், ஸ்கேன் பார்ப்பவர் தவறான கூட்டத்தில் வைத்துத்தான் அந்தப் புள்ளியை எடைபோடுவார்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பழைய படம் ஒன்று கிடைத்தால் ஆயிரக்கணக்கில் செலவும் மாதக்கணக்கில் கவலையும் மிச்சமாகும். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் குழு 2013-இல் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டல், ஓராண்டு மாறாமல் இருக்கும் கட்டியை மேலும் தொடர வேண்டாம் என்கிறது. அல்ட்ராசவுண்டில் தெரிவதற்கும் இந்த நியாயம் பொருந்தும். பழைய படம் என்றால் வயிற்றுப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நெஞ்சு சி.டி.யின் கடைசிப் படங்களில் மண்ணீரலின் மேல்பகுதி பெரும்பாலும் விழுந்திருக்கும். முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யின் ஓரத்திலும் சில நேரம் கிடைக்கும். ஆனால் சிறுநீரகக் கல்லுக்காக, படத்தைத் தெளிவாக்கும் மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி.யில் மண்ணீரல் கட்டிகள் பல சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடும். "அந்த சி.டி.யில் இல்லை, ஆகவே இது புதிது" என்ற முடிவு அங்கே செல்லாது.

அதே மேசையில் முடிய வேண்டிய வேலை

அடுத்த பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன், எடுத்துக்கொண்டிருக்கும் அல்ட்ராசவுண்டை முழுமையாக முடித்தார்களா என்று பார்க்க வேண்டும். பித்தப்பைக்காக வந்தவரின் மண்ணீரலை ஒரே கோணத்தில் அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர்வதால் வரும் குழப்பங்கள் ஏராளம்.

நோயாளியை வலப்பக்கம் சற்றே ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, 9 முதல் 11 வரையிலான விலா இடைவெளிகளில் வளைந்த புரோபை (உடலின் மேல் வைத்து ஓட்டும் ஒலிக்கருவியை) வைத்துப் பார்ப்பது வழக்கம். முழு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் நுரையீரல் இறங்கி வந்து மண்ணீரலின் மேல்முனையை மறைத்துவிடும். பாதி மூச்சுதான் பலருக்குச் சரியாக வரும். புள்ளி ஒன்று தெரிந்தால் அதை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் பார்த்து, மூன்று அளவுகளையும் குறிக்க வேண்டும். ஒரு தளத்தில் மட்டும் தெரிந்து மறுதளத்தில் காணாமல் போவது பெரும்பாலும் விலா நிழலோ மண்ணீரல் ஓரத்தில் இயல்பாகவே இருக்கும் பிளவோதான். ஒல்லியான உடம்பென்றால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நேர்கோட்டு புரோபை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. 3, 4 மி.மீ. அளவில் இறைந்து கிடக்கும் நுண்கட்டிகள் வளைந்த புரோபில் வெறும் சொரசொரப்பாகத் தெரியும். நேர்கோட்டு புரோபில் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போடாமல் எந்தக் கருப்புப் புள்ளியையும் நீர்க்கட்டி என்று எழுதக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தநாளங்கள் நுழையும் மண்ணீரலின் வாயிற்பகுதியில் உருண்டையாக, கருப்பாக, ஓரத்தில் சுண்ணாம்புப் படிந்த வளையத்தோடு ஒன்று தெரிந்தால் அது மண்ணீரல் தமனியின் வீக்கமாக இருக்கலாம். சாம்பல்நிறப் படத்தில் அதற்கும் நீர்க்கட்டிக்கும் வேறுபாடு தெரியாது. வண்ண டாப்ளரைப் போட்டால் உள்ளே ரத்தம் சுழல்வது சில நொடிகளில் தெரிந்துவிடும். டாப்ளரின் வேக அளவுகோல் அதிகமாக வைக்கப்பட்டிருந்தால், மெதுவாக ரத்தம் ஓடும் கட்டிகளில் ஓட்டமே இல்லை என்ற பொய்யான முடிவு வரும். மண்ணீரல் கட்டிக்கு அதை நொடிக்கு 5 முதல் 10 செ.மீ. வரை இறக்கிப் பார்க்க வேண்டும்.

கட்டியே இல்லாத இடத்தில் கட்டியைக் காட்டும் ஏமாற்றுகளும் இருக்கின்றன. சிலருக்குக் கல்லீரலின் இடது மடல் நீண்டு வந்து மண்ணீரலின் மேல் போர்த்திக்கொண்டிருக்கும். மண்ணீரலைவிடச் சற்று இருண்டு தெரியும் அந்தப் பட்டையை உறைக்குக் கீழே ரத்தம் கட்டியதாக எழுதிவிடுவார்கள். மூச்சு விடும்போது இரண்டும் ஒன்றின் மேலொன்று வழுக்குவதையும், பட்டைக்குள் கல்லீரல் நாளங்கள் ஓடுவதையும் பார்த்தால் சந்தேகம் தீரும். இரைப்பையின் மேல்பகுதியில் நீர் தேங்கியிருந்தால் அதுவும் கட்டியாகத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தால் உள்ளே குமிழிகள் சுழல்வது தெரிந்துவிடும்.

அப்படியே விட்டுவிடக் கூடியவை

துணை மண்ணீரல் இதில் முதலாவது. மக்களில் நூற்றுக்கு 10 முதல் 30 பேருக்கு இது உண்டு. வாயிலருகே 1, 2 செ.மீ. அளவில் உருண்டையாக, தாய் மண்ணீரலின் அதே நிறத்தில், வாயில் நாளத்திலிருந்து ஒரு சிறு கிளையை வாங்கிக்கொண்டு இருக்கும். இப்படித் தெளிவாகத் தெரிந்தால் அதோடு முடிந்தது. ஒரே இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கணையத்தின் வால்பகுதிக்குள் புதைந்திருந்தால் அது கணையத்தின் நாளமில்லாச் சுரப்புக் கட்டியைப் போலவே தெரியும். அந்தச் சந்தேகத்தை நுண்குமிழி அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பெரும்பாலும் தீர்க்கும். அதற்கும் மசியாவிட்டால், வெப்பத்தால் பழுதாக்கிய சிவப்பணுக்களில் டெக்னீஷியம் எனும் கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கேன் உறுதியாகச் சொல்லும். பழுதான சிவப்பணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரல் திசுவின் வேலை.

ஓரிரு சுண்ணாம்புப் புள்ளிகள் பழைய தொற்றின் தழும்புகள். காசநோயோ சில பூஞ்சைத் தொற்றுகளோ ஆறிப்போன பிறகு எஞ்சுபவை. அறிகுறி இல்லாவிட்டால் இதற்காகக் காசநோய் மருந்து தொடங்குவதும் வேண்டாம், சி.டி.க்கு ஓடுவதும் வேண்டாம். ஆனால் மண்ணீரல் முழுக்க நிழல் விழாத நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் இறைந்து, மண்ணீரலும் பெருத்திருந்தால் கல்லீரலையும், குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையையும் பார்க்க வேண்டும். போர்ட்டல் அழுத்தம் கூடியவர்களுக்கு உள்ளே சிறுசிறு ரத்தக்கசிவுகள் நடந்து அந்த இடங்களில் இரும்பும் சுண்ணாம்பும் படிவது உண்டு.

எளிய நீர்க்கட்டி என்று எழுத நான்கு அடையாளங்களும் சேர்ந்திருக்க வேண்டும்: முழுக் கருப்பு, மெல்லிய வழவழப்பான சுவர், பின்புறம் ஒலி பளிச்சென்று கூடுதல், டாப்ளரில் ஓட்டம் இல்லாமை. இது 5 செ.மீ.க்குள் இருந்து தொந்தரவும் தராவிட்டால் தொடர வேண்டிய அவசியம் இல்லை. அந்த 5 செ.மீ. எல்லைக்கு வலுவான ஆதாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய கட்டி அடிபட்டால் உடையலாம் என்ற அச்சத்தில் நின்றுபோன எண் அது. சுவரில் சுண்ணாம்போ உள்ளே கசண்டோ இருந்தால் பெரும்பாலும் பழைய அடியில் ரத்தம் கட்டி நீராகிப்போன போலி நீர்க்கட்டியாக இருக்கும். உள்ளே குட்டிக் கட்டிகளோ கழன்று மிதக்கும் சவ்வோ தெரிந்தால் கதை வேறு. அது நாய்களிடமிருந்து பரவும் ஹைடாடிட் நாடாப்புழுக் கட்டி. கல்லீரலையும் பார்த்து, ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்யாமல் அதில் ஊசி போடவே கூடாது. உள்ளிருக்கும் நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம், புழுவின் தலைகள் வயிறெங்கும் பரவலாம். எதிர்ப்பொருள் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் படம் அப்படித் தெரிந்தால் படத்தையே நம்புங்கள்.

தீர்வாகாத புள்ளி: நான்கு வழிகளின் ஒப்பீடு

வழக்கமாகக் குழப்புவது இதுதான்: நல்ல உடம்போடு இருப்பவர், அறிகுறி இல்லை, பழைய படம் இல்லை, 1 முதல் 3 செ.மீ.க்குள் ஒரே ஒரு திடப்புள்ளி.

சீரான வெள்ளை நிறத்தில், கூர்மையான எல்லையோடு, 2 செ.மீ.க்குள் இருந்தால் ஹீமான்ஜியோமா எனும் ரத்தநாளக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மண்ணீரலில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் அதுதான் மிகச் சாதாரணம். இங்கே எங்கள் தேர்வு மீண்டும் ஒரு அல்ட்ராசவுண்ட். 6 மாதத்தில் ஒன்று, 12 மாதத்தில் ஒன்று. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. இதன் பலவீனம் அளக்கும் கையில் இருக்கிறது. வேறொருவர் வேறு கோணத்தில் அளந்தால் 14 மி.மீ. எளிதாக 16 ஆகிவிடும். அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு பதற வேண்டாம். பருத்த உடம்பிலும், குடல்காற்றும் விலாவும் மறைக்கும் உடம்பிலும் இந்த வழி பயன்படாது. முதல் முறையே சரியாகத் தெரியாத புள்ளி ஆறு மாதம் கழித்து மட்டும் தெளிவாகத் தெரிந்துவிடாது.

இருண்ட புள்ளி என்றால் காத்திருப்பதில் எங்களுக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. நிணநீர்ப் புற்றான லிம்போமாவும் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றும் பெரும்பாலும் இருண்டே தெரியும். எல்லா இருண்ட புள்ளியும் புற்று என்று பொருள் இல்லை. சிறு ரத்த அடைப்பு, ஹமார்ட்டோமா (மண்ணீரல் திசுவே ஒழுங்கின்றி வளர்ந்த தீங்கற்ற கட்டி), சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்) எல்லாம் இருண்டு தெரியலாம். ஆனால் சாம்பல்நிறப் படம் மட்டும் இவற்றைப் பிரிக்காது. ரத்தம் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியேறுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

அதற்கு முதல் வழி நுண்குமிழி அல்ட்ராசவுண்ட். சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு அடைத்த குமிழிகளைக் கைச் சிரையில் செலுத்துகிறார்கள். மண்ணீரலுக்கு 1.2 மி.லி. பலருக்குப் போதும். கல்லீரலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 2.4 மி.லி.யை அப்படியே கொடுத்தால் முன்பகுதி பளீரென்று எரிந்து, ஆழமான பகுதி இருட்டாகிவிடலாம். பின்னாலேயே 5 முதல் 10 மி.லி. உப்புநீர். ஒலியழுத்தக் குறியீட்டை 0.1 அளவுக்கு இறக்கி வைக்காவிட்டால் பார்க்கிற ஒலியே குமிழிகளை உடைத்துவிடும். முதல் ஒரு நிமிடத்துக்குள் இயல்பான மண்ணீரலே வரிக்குதிரை போலப் பட்டை பட்டையாகத் தெரியும். அந்த நேரத்தில் கட்டி என்று எதையும் எழுதக் கூடாது. பிறகு முழு மண்ணீரலும் ஒரே சீராக வெளுத்து, 5 நிமிடத்துக்கு மேலும் அப்படியே நிற்கும். குமிழிகளை இவ்வளவு நேரம் தேக்கி வைப்பது மண்ணீரலின் தனிப் பண்பு, விடையும் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது. வெளுத்த பரப்பில் முழுக் கருப்பாக, ஆப்பு வடிவில், ஓரத்தைத் தொட்டு நிற்பது ரத்த அடைப்பு. முழுக் கருப்பாக உருண்டையாக இருப்பது நீர்க்கட்டி. சுற்றிலும் வளையம் வெளுத்து நடுவில் கருப்பென்றால் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். முதலில் ரத்தத்தை வாங்கிப் பிறகு சீக்கிரமே இருண்டு போவது புற்றுக்கான அடையாளம். கடைசிவரை மண்ணீரலோடு சேர்ந்தே வெளுத்து நின்றால் பெரும்பாலும் தீங்கற்றது, அல்லது துணை மண்ணீரல்.

குமிழிகள் சிறுநீரகம் வழியாகப் போவதில்லை, நுரையீரல் வழியாக வெளியேறிவிடுகின்றன. ஆகவே சிறுநீரகம் பழுதானவருக்கும் கொடுக்கலாம். ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் அவசர மருந்துகள் பக்கத்தில் இருக்க வேண்டும். குறை என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒரு கட்டியைத்தான் தொடர்ந்து பார்க்க முடியும். மேல்முனையில் நுரையீரலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதிலும் தெரியாது. ஹீமான்ஜியோமாக்களில் சில மெதுவாக இருண்டுபோய்க் குழப்பவும் செய்யும். கல்லீரலில் அந்தக் கட்டி காட்டும் ஓரத்திலிருந்து நிறையும் அழகான பாணியை மண்ணீரலில் அடிக்கடி எதிர்பார்க்க முடியாது.

சி.டி. எளிதில் கிடைக்கிறது, சில நொடிகளில் முடிகிறது. அதனாலேயே தேவைக்கு மேல் எழுதப்படுகிறது. ஒரே ஒரு சிறு திடப்புள்ளியின் தன்மையைப் பிரித்தறிய இது பலவீனமான கருவி. ஹீமான்ஜியோமா, ஹமார்ட்டோமா, லிம்போமா எல்லாம் சி.டி.யில் "சற்று இருண்ட கட்டி" என்று ஒரே வரியில் அடங்கிவிடும். மருந்து செலுத்தியபின் சுமார் 70 நொடியில் எடுக்கும் படமே மண்ணீரலுக்கு நம்பகமானது. 30 நொடியில் எடுத்தால் அதே வரிக்குதிரைப் பட்டைகள் இங்கேயும் தெரிந்து, கட்டிகள் என்று தவறாக எழுதப்படும். ஒருமுறை எடுத்தால் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. இயற்கைப் பின்னணியிலிருந்து மூன்று, நான்கு ஆண்டுகளில் உடல் வாங்குவதற்குச் சமம். சி.டி.க்கு உரிய இடம் வேறு: அடிபட்டவர், கடும் வலியோடு வந்தவர், சீழ்க்கட்டி என்று சந்தேகம், மற்ற உறுப்புகளையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய புற்றுநோயாளி. தமனி வீக்கத்தை அளந்து சிகிச்சை திட்டமிடவும் ரத்தநாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவே சரி.

தன்மையை அறிய எம்.ஆர்.ஐ. சி.டி.யைவிடத் தெளிவாகச் சொல்லும். நீர் மிகுந்த ஹீமான்ஜியோமா, நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படத்தில் பளிச்சிடும். இழைத்திசு மிகுந்த ஒருவகைத் தீங்கற்ற முடிச்சு டி2 படத்தில் இருண்டு, மருந்து செலுத்தியபின் சக்கர ஆரங்களைப் போல நிறையும். இரும்புப் படிவுகள் எல்லாப் படங்களிலும் கருத்திருக்கும். ஆனால் சிரையில் செலுத்தும் கேடோலினியம் எனும் படத்தைத் தெளிவாக்கும் மருந்து இல்லாமல் மண்ணீரல் எம்.ஆர்.ஐ. எடுப்பது பாதி வேலை. லிம்போமா முடிச்சு மருந்தில்லாப் படங்களில் சுற்றியுள்ள திசுவோடு ஒன்றிப்போய்த் தெரியாமல் இருக்கலாம். நீர்மூலக்கூறு நகர்வைக் காட்டும் படத்திலோ இயல்பான மண்ணீரலே பளிச்சென்று இருப்பதால், கல்லீரலில் கண்ணைப் பறிக்கும் புற்று முடிச்சு இங்கே மறைந்துகொள்ளும். நேரம் அரை மணிக்கு மேல் ஆகும். 15 முதல் 20 நொடி மூச்சைப் பிடிக்க முடியாதவருக்குப் படம் கலங்கிப்போகும். அப்படிப்பட்டவருக்கு நுண்குமிழி வழியே மேல்.

நல்ல உடம்பில் ஒரே இருண்ட புள்ளி, அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரிகிறது, நுண்குமிழி செய்யத் தெரிந்தவர் கிடைக்கிறார் என்றால் முதலில் அதைச் செய்யலாம். அவர் கிடைக்காவிட்டால், அல்லது புள்ளிகள் பல இருந்தால், அல்லது சரியாகத் தெரியாத இடத்தில் இருந்தால் மருந்து செலுத்திய எம்.ஆர்.ஐ. இரண்டிலும் விடை பாதியில் நின்றால் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எம்.ஆர்.ஐ. எடுத்து, மாறாமல் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம்.

புற்றுநோய் உள்ளவருக்குக் கணக்கே வேறு

மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று), மார்பகம், நுரையீரல், சினைப்பை, பெருங்குடல், இரைப்பை ஆகியவற்றின் புற்று மண்ணீரலுக்குப் பரவக்கூடியது. மண்ணீரலில் மட்டும் தனியாகப் பரவுவது அரிது, பெரும்பாலும் வேறு இடங்களிலும் இருக்கும். இவர்களிடம் 1 செ.மீ.க்குக் குறைவான தெளிவற்ற புள்ளியை எம்.ஆர்.ஐ.யால் 6, 12 மாதங்களில் தொடரலாம் என்பது 2013 வழிகாட்டலின் நிலை. 1 செ.மீ.யைத் தொட்டால் காத்திருக்காமல் பெட்-சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்சி.

பெட் இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. இயல்பான மண்ணீரல் கல்லீரலைவிடக் குறைவாகவோ அதற்குச் சமமாகவோதான் சர்க்கரையை எடுக்கும். கல்லீரலை மிஞ்சி ஒளிரும் முடிச்சு சந்தேகத்துக்கு உரியது. ஆனால் சார்காய்டோசிஸும் காசநோயும் அதேபோல ஒளிரும். வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி அண்மையில் போட்டிருந்தால் மண்ணீரல் முழுதும் ஒளிரும், அது நோயின் பரவல் அல்ல. நல்ல உடம்போடு இருப்பவரின் 14 மி.மீ. புள்ளிக்கு பெட் எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை.

ஊசியா, அறுவையா

மண்ணீரலில் ஊசி போட்டால் ரத்தம் கொட்டும் என்று பயந்து நேராக அறுவைக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் பாதிதான் நியாயம். 18 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியால் எடுத்தவர்களில் பெரிய சிக்கல் 1.3 சதவீதம் என்று 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. புற்றைக் கண்டுபிடிக்கும் திறன் 87 சதவீதம். தட்டணுக்கள் 50,000-க்கு மேல், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள், ரத்தம் இளக்கும் மருந்துகள் மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்தப்பட்டிருப்பது, வாயில் நாளங்களை விட்டு விலகிய பாதை, முடிந்தபின் சில மணி நேரக் கண்காணிப்பு ஆகியவை கட்டாயம். ஹைடாடிட் சந்தேகத்திலும், ரத்தம் பொங்கும் ஆஞ்சியோசார்கோமா எனும் ரத்தநாளப் புற்றின் சந்தேகத்திலும் ஊசி வேண்டாம். கழுத்திலோ அக்குளிலோ எளிதில் எட்டும் நிணநீர் முடிச்சு வீங்கியிருந்தால் மண்ணீரலைத் தொடாமல் அதை எடுப்பதே அறிவு.

பயாப்சியில் அடிக்கடி நடக்கும் தவறு ஊசி வெளியே வந்த பிறகுதான் நடக்கிறது. எடுத்த திசு முழுவதையும், செல்களைக் கொன்று கெடாமல் வைக்கும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுகிறார்கள். லிம்போமாவை வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல்கள் வேண்டும், காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும் ஃபார்மலின் படாத திசு வேண்டும். ஒரு துண்டாவது உப்புநீரிலோ அதற்கான திரவத்திலோ தனியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே ஆய்வகத்தோடு பேசி வைக்காவிட்டால், நோயாளி இரண்டாம் முறை ஊசி வாங்க நேரிடும்.

மண்ணீரலை அகற்றினால் விடை உறுதியாகக் கிடைக்கும். ஆனால் அதன் விலை வாழ்நாள் முழுவதும் தொடரும். நியூமோகாக்கஸ் போன்ற உறைகொண்ட கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பெருகி உயிரைப் பறிக்கலாம். போர்ட்டல் சிரையில் ரத்தம் உறையலாம். திட்டமிட்ட அறுவை என்றால் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி தடுப்பூசிகளைக் குறைந்தது 2 வாரம் முன்பே போட வேண்டும். அவசர அறுவை என்றால் 2 வாரம் கழித்து. பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீர்க்கட்டிக்கோ தீங்கற்ற கட்டிக்கோ அறுவை வேண்டியிருந்தால், சுவரை மட்டும் திறந்துவிடுவதோ மண்ணீரலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதோ முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டால் பெரும்பாலும் கட்டி திரும்ப நிறைந்துவிடும்.

காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சலோடு பல இருண்ட நுண்கட்டிகள் தெரிந்தால், அதுவும் கீமோவில் இருப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் என்றால், அன்றே ரத்த வளர்ப்புக்கு எடுக்க வேண்டும். பூஞ்சையும் காசநோயும் இப்படித்தான் தெரியும். ஆப்பு வடிவ ரத்த அடைப்பு புதிதாகத் தெரிந்தால் இதயத்தைப் பாருங்கள்: வால்வில் தொற்றா, ஒழுங்கற்ற துடிப்பா, ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே கேள்வி. மண்ணீரல் தமனி வீக்கம் 3 செ.மீ.யை எட்டினால் சிகிச்சை. கருவுறும் வயதிலுள்ள பெண்ணுக்கு எந்த அளவாக இருந்தாலும் சிகிச்சை, ஏனென்றால் கர்ப்பத்தில் அது வெடித்தால் தாய்க்கும் குழந்தைக்கும் பெரும் ஆபத்து. அடிபட்டோ கணைய அழற்சியாலோ வந்த போலி வீக்கமும் எந்த அளவிலும் விட்டுவைக்கக் கூடியதல்ல.

அளவு மட்டும் மாறியிருந்தால்

கட்டி எதுவும் இல்லை, "மண்ணீரல் 13.2 செ.மீ., சற்றுப் பெருத்துள்ளது" என்று மட்டும் வந்தால் முதலில் ஆளின் உயரத்தைப் பாருங்கள். நெடிய ஆண்களுக்கு 13 செ.மீ.யைத் தாண்டுவது இயல்பாகவே இருக்கலாம். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் எண்ணைப் பயன்படுத்தவே கூடாது: ஒரு வயதில் 7 செ.மீ., நான்கு வயதில் 9, பத்து வயதில் 11 என்பது மேல்எல்லை. உண்மையிலேயே பெருத்திருந்தால் அடுத்த படி சி.டி. அல்ல. முழு ரத்த எண்ணிக்கையும் சிவப்பணு, வெள்ளணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் கல்லீரல் பரிசோதனைகளும் போர்ட்டல் சிரையின் டாப்ளரும்தான் காரணத்தைக் காட்டும். வைரஸ் காய்ச்சலால் பெருத்திருந்தால் மோதல் விளையாட்டுகளைக் குறைந்தது 3 வாரம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மண்ணீரல் மிகச் சிறுத்தோ சுண்ணாம்பாகியோ தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. அரிவாள் செல் நோயிலும், கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோயிலும் மண்ணீரல் தன் வேலையை இழந்துவிடலாம். ஸ்மியரில் ஹவல்-ஜாலி துகள்கள் (இயல்பான மண்ணீரல் சிவப்பணுக்களிலிருந்து நீக்கிவிடும் கருவின் மிச்சங்கள்) இருந்தால், அறுவை நடக்காமலேயே அவருக்கும் மேலே சொன்ன தடுப்பூசிகள் வேண்டும்.

மறுபடி ஸ்கேன் என்று முடிவாகிவிட்டால், அந்தச் சீட்டில் "தொடர் பரிசோதனை" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். புள்ளி மண்ணீரலின் மேல், நடு, கீழ் எதில் இருந்தது, மூன்று அளவுகள் என்ன, வெள்ளையா கருப்பா, டாப்ளரில் ஓட்டம் இருந்ததா, புற்றுநோய் வரலாறு உண்டா, எத்தனையாவது மாதப் பரிசோதனை, எந்த மாதத்தோடு நிறுத்தலாம் என்று எழுதுங்கள். பழைய படத்தின் தட்டையோ கோப்பையோ நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போனால் அடுத்தவர் எண்ணோடு எண்ணைத்தான் ஒப்பிட முடியும், படத்தோடு படத்தை ஒப்பிட முடியாது.